ஸ்டார்ட்டரில் சொருகிய குச்சி

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பேருந்தில், என் முன் சீட்டில் கம்பெனி யூனிஃபார்மோடு இரண்டு பேர்.

"டிப்ரெஷன் இருந்ததாலதான் ஆதியிலருந்து மனுசன் பொழச்சு வந்தானாம்," என்றார் ஜன்னலோரம் இருந்தவர். என் தூக்கம் போய்விட்டது.

"என்னண்ணா சொல்றீங்க?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"லோடு தாங்கலன்னா மோட்டார் ட்ரிப் ஆவுதில்ல, அந்த மாதிரி. எரிஞ்சு போவாம இருக்கத்தான் மனசு ஆஃப் ஆயிக்குதாம்."



"எங்க தோட்டத்துல ட்ரிப் ஆனா, ஸ்டார்ட்டர் பட்டன்ல குச்சி சொருகி, நிக்க விடாம ஓட்டுவோம்ணா," என்றார் மற்றவர்.

"எல்லாரும் பண்றதுதானப்பா."

"ரெண்டு மாசமா எந்தம்பி படுத்தே கெடந்தான். சோம்பேறின்னு நெனச்சு, இன்னிக்கு காலைல நாந்தான் அடிச்சு வேலைக்கு அனுப்பினேன்."

தம்பிக்கு திரும்பத் திரும்ப போன் போட்டார். சூளகிரி தாண்டியும் மணி அடித்துக்கொண்டேயிருந்தது; யாரும் எடுக்கவில்லை.