நிலாணியின் நானூறு சொற்கள்

— அதுக்காகப் பத்து வயசுப் பிள்ளையைக் கள்ளி எண்டுறதோ, ரீச்சர்?

— நான் அப்பிடிச் சொல்லேல்லை, சுபாங்கி. வடிவாக் கேளுங்கோ. உங்கட நிலாணி இந்த மாசம் நானூறு இங்கிலீஷ் சொல் படிச்சு முடிச்சதெண்டு போட்டிக்குப் படிக்கிற போன் ஆப்பில கிடக்கு. இண்டைக்கு வகுப்பில பத்துக் கேட்டன். ரெண்டுக்குத்தான் கருத்துச் சொன்னவள்.

— பயந்திருப்பாள்.

— வடிவாக் கேளுங்கோ. அவ்வளவும் பகல் பதினொரு மணிக்குச் செய்தது. அந்நேரம் பிள்ளை பள்ளிக்கூடத்தில, கையில போனும் இல்லை. ஆர் செய்தது? நீங்களோ?

— பிள்ளையாரறிய நான் இல்லை.

— அப்ப பேரை வெட்டத்தான் வேணும். சனிக்கிழமை இங்கிலீஷ் சொல் போட்டியின்ர இறுதிச் சுற்று. மற்றப் பிள்ளையளின்ர தாய் தேப்பனுக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?

— வெட்டாதேங்கோ, ரீச்சர். ஒருத்தரோடயும் வாய் திறக்காத பிள்ளை. உந்தப் போட்டி வந்தாப்பிறகுதான் நாலு பேரோட கதைக்கிறாள். இப்ப வெட்டினா பழையபடி அறைக்குள்ள போய்ப் பூட்டிக்கொள்ளுவாள். சரி, சொல்லுறன். அது அவளின்ர அப்பா.

— பிரவீனனோ?

— ஓம். அவர் ட்ரக் ஓடுறவரெல்லோ. மூண்டு கிழமையா வினிப்பெக் பக்கம் நிக்கிறார், இங்க இருந்து ரெண்டு நாள் ஓட்டம். ரீ குடிக்க நிப்பாட்டுற நேரம் போனில செய்யிறவர். புள்ளி குறைஞ்சா மகளைக் கழிச்சுப்போடுவினம் எண்டு பயம். ஊரில ஸ்கொலர்ஷிப் சோதினைக்குத் தேப்பன்மார் படுற பாடு உங்களுக்குத் தெரியாதே? பிழைதான், ரீச்சர். ஆனா அவ்வளவு தூரத்தில தனியக் கிடந்தும் மகளை நினைக்கிற மனுசன்.

— அப்பிடியெண்டா ஒரு வழி இருக்கு. பிள்ளையில குற்றமில்லை எண்டு நான் கொமிற்றிக்கு எழுதலாம். அந்தப் புள்ளியளைக் கழிச்சுப்போட்டு அவளைப் போட்டிக்கு விடுவினம். ஆனா செய்தது வெளியூரில நிண்ட தேப்பன்தான் எண்டதுக்கு ஆப்பின்ர பதிவைக் காட்டவேணும்.

— காட்டுங்கோ. எல்லாருக்கும் காட்டுங்கோ. எனக்கென்ன வெக்கம்?

— லைனில நில்லுங்கோ, கொம்பியூட்டரில திறக்கிறன். எந்த ஊரில இருந்து செய்ததெண்டு இதில விழும்... சுபாங்கி, அவர் எப்ப வெளிக்கிட்டவர்?

— மூண்டாந் தேதி. ஏன்?

— இதில வினிப்பெக் எண்டு ஒரு நாளும் இல்லை.

— அப்ப வேற எந்த ஊர்?

— யூனியன்வில். பதினொரு மணி எண்டு வாறதெல்லாம் யூனியன்வில்.

— பிழையாக் காட்டுது, ரீச்சர். அது எங்கட வீட்டில இருந்து இருபது நிமிசம்.

— ஒரு வீட்டு வைஃபையில இருந்துதான் எல்லா நாளும். அங்க உங்கட சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ?

— இல்லை.

— கூட்டாளிமார்?

— எனக்குத் தெரிஞ்சு ஒருத்தரும் இல்லை. இவர் நேற்றும் போன் எடுத்தவர். வினிப்பெக்கில சரியான ஸ்னோ, றோட்டெல்லாம் பூட்டு எண்டவர்.

— சுபாங்கி... கொமிற்றிக்கு நான் என்னெண்டு எழுத?

— ஒண்டும் எழுதாதேங்கோ, ரீச்சர். பிள்ளையின்ர பேரை வெட்டுங்கோ.