கருப்பா இருந்த ஜன்னல்

எனக்கு மைக் முன்னாடி பேசிப் பழக்கமில்ல... அதனால ஒரு குட்டிக் கதை சொல்லிட்டு இறங்கிடறேன், சரியா அக்காமாரே? நம்ம கேமரா வகுப்புக்கு வர்றதுக்கு முன்னாடி, ஒன்பதாவதோட படிப்பை நிறுத்திட்டு நான் நூல் மில்லுக்குப் போனேன். அங்க நடந்தது.

மில் ஹாஸ்டல்ல எங்க போனெல்லாம் வார்டன் அக்கா பீரோவுல. ஆயுத பூஜை அன்னிக்கு மட்டும் கையில தருவாங்க. அன்னிக்குப் பூரா போட்டோ... போட்டோ... போட்டோ! நான் எடுத்தா தலைக்கு மேல பாதி ஆகாசம், மூஞ்சியெல்லாம் கரி. பக்கத்துப் பாய்க்காரி ரெஜினா கத்துவா.

"ஏய் லூசு, எது தெரியணுமோ அதை ஸ்க்ரீன்ல தொடு! கேமரா அதுக்கு ஏத்த வெளிச்சம் வைக்கும். நடுவையே பாக்காத. அமுக்கறதுக்கு முன்னாடி நாலு ஓரத்தையும் பாரு!"

உச்சி வெயில். முற்றத்துல முப்பது பேரை நிறுத்தினேன். ஓரத்தைப் பாத்தேன்... பழைய சாமான் ரூம் ஜன்னல். கருப்பா.

ஒரு வாரமா அந்த ரூமுக்குள்ள சுவரைச் சுரண்டற சத்தம். வார்டன் அக்கா என்ன சொல்லிச்சு? "அங்க செத்தவ ஒருத்தி உலாத்தறா. கிட்டப் போகாதீங்கடி!" நாங்களும் கதவுல திருநீறு பூசிட்டு ஓடிருவோம். அதே வாரந்தான் எங்ககூட வேலை பாத்த இசக்கிக்கு மிஷின்ல விரல் நசுங்கிச்சு. "அவ அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு"ன்னாங்க. நம்பினோம்.

என் விரல்... ஏன்னு தெரியல... அந்தக் கருப்பைத் தொட்டுச்சு.

என்ன ஆச்சு தெரியுமா? வெயில்ல நின்ன முப்பது பேரும் வெளுத்துப் போனாங்க. கண்ணில்ல, மூக்கில்ல... கொடியில காயப்போட்ட வெள்ளைத் துணி மாதிரி. ஜன்னல் மட்டும் தெளிஞ்சுது. கம்பியை ஒரு கை பிடிச்சிருந்துச்சு. துணி சுத்தின கை. அதுக்குப் பின்னாடி ரெண்டு கண்ணு... என்னையே பாத்துக்கிட்டு.

அமுக்கிட்டேன்.

வார்டன் அக்கா எட்டிப் பாத்துச்சு. "என்னடி இது, எல்லாம் வெள்ளையா? அழிச்சுடு." நடுவைத்தான் பாத்துச்சு. ஓரத்தைப் பாக்கல! ரெஜினா பாத்தா. என் காதுகிட்ட வந்து சொன்னா, "இது பேயில்லடி... நம்ம இசக்கிடி."

பூஜையில பொட்டு வச்சு சுத்தியலைப் படுக்க வச்சிருந்தாங்க. ஆயுதத்தைத் தொடக்கூடாத நாள். ரெஜினா எடுத்தா. மூணே அடி, பூட்டு விழுந்துச்சு. காய்ச்சல்ல கத்தக்கூடத் தெம்பில்லாம கிடந்தா இசக்கி. விரல் போன கேஸ் வெளிய தெரியக் கூடாதுன்னு மில்லுக்காரங்களே உள்ள பூட்டி வச்சிருக்காங்க! தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பொழைச்சிட்டா.

யோசிச்சுப் பாருங்க... நாங்க திருநீறு பூசின ஒவ்வொரு தடவையும், உள்ள இருந்து ஒருத்தி எங்களைத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தா!

அக்காமாரே, வெளிச்சத்துல நிக்கிற நம்ம அழகா விழணும்னா, இருட்டுல இருக்கிறவ கருப்பாத்தான் போவா. அவ தெரியணும்னா நம்ம மூஞ்சி கொஞ்சம் வெளுக்கணும். பரவாயில்லன்னு சொல்லுவோமா? நாளைக்கு நீங்க கேமராவைத் தூக்கும்போது, ஓரத்துல இருக்கிற இருட்டை ஒரு தடவை தொட்டுப் பாருங்க.

அந்தப் படத்துல எங்க யாரு மூஞ்சியும் இல்ல. ஆனா முப்பது பேருமே அதை வச்சிருக்கோம்... ஒருத்திகூட அழிக்கல.