குடையில்லா ராணி போட்ட சட்டம்

—தாடையை ஆட்டாதீங்க கங்காணி. கத்தியை நல்லாத் தீட்டியிருக்கேன், சொன்ன பேச்சைக் கேக்காது.

—நீயே சொன்ன பேச்சைக் கேக்குறதில்ல, உன் கத்தியா கேக்கப் போகுது. அய்யாவு, நான் ஒண்ணு கேக்குறேன். புதன்கிழமை காளியப்பன் கல்யாணத்துக்கு, மாரியம்மன் கோயில் வாசல்ல வச்சு மாப்பிள்ளைச் சவரம் பண்றேன்னு வாக்குக் குடுத்துட்டு வந்தியா இல்லையா?

—சோப்பு வாய்க்குள்ள போயிடும். மூடிக்கோங்க.

—மூடுறேன். நீ பதிலைச் சொல்லு.

—குடுத்தேங்க. முகத்தை வழிச்சு விட்டாத்தானே மாப்பிள்ளை மணவறைக்குப் போக முடியும்.

—பள்ளத்து லயத்து வரிசை வீட்டு மாப்பிள்ளைக்கு இந்த எஸ்டேட்டுல என்னைக்குய்யா நீ கத்தி எடுத்திருக்கே? அவங்களுக்குள்ளயே ஒருத்தனை ஒருத்தன் வழிச்சிக்குவாங்க. இல்லைன்னா சிகாமட் டவுன் வரைக்கும் நடந்து போய்ச் சீனன் கடையில உக்காருவாங்க. அதுதானே வழக்கம்.

—வழக்கம் அதாங்க.

—அப்புறம்? மேட்டு லயத்து ஆளுங்க அத்தனை பேரும் கோயில் வாசல்ல நின்னு பார்ப்பாங்க. கீழ்ச்சாதிக்காரன் மூஞ்சியில பட்ட கத்தி எங்களுக்கு வேண்டாம், அதுக்கு எடம் குடுத்த கங்காணியும் வேண்டாம்னு மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கூலாய்ப் பக்கத்து எஸ்டேட்டுக்குப் போயிட்டா? ஆளில்லாத கங்காணியைத் துரை வச்சிக்கிட்டு என்ன பண்ணுவான், ஊறுகாயா போடுவான்?

—போட்டாலும் உப்பு கொஞ்சமாத்தான் போடணும். ஏற்கனவே கரிப்பு. இந்தா அய்யாவு, வெந்நி கேட்டியே.

—கிருஷ்ணம்மா, ஆம்பிளைங்க பேசுற எடத்துல ஒனக்கு என்ன வேலை?

—பேசுறது நீங்க மட்டும்தான். அவன் வேலையைப் பாக்குறான்.

—அவன் வேலையைப் பத்தித்தான் பேச்சே. இந்தா பாரு அய்யாவு, வெள்ளிக்கிழமை காலையில பெரட்டுல ஆள் கணக்கு எடுக்கும்போது எல்லார் முன்னாடியும் என்ன சொன்னேன்?

—நான் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் பள்ளத்து லயத்துக்குப் போனா, அதே பெட்டியோட எஸ்டேட்டை விட்டே போக வேண்டியதுதான்னு சொன்னீங்க.

—இன்னைக்கும் அதான்.

—ஏங்க, பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இவன் பொஞ்சாதி கருப்பாயி எங்க போவா? அதையும் பெரட்டுல சொல்லியிருக்கலாமே.

—நான் எங்கேயும் போறதா இல்லைங்க அம்மா. ஆனா காளியப்பனுக்குக் குடுத்த வாக்கும் இருக்கு. மார்கழி வெள்ளத்துல கருப்பாயிக்கு இடுப்பு வலி எடுத்தப்ப, நான் ஒவ்வொரு கதவா தட்டினேன். தண்ணிக்குப் பயந்து ஒருத்தரும் எறங்கல. அவங்களைக் குத்தம் சொல்லல, தண்ணி அப்படி. காளியப்பன் எறங்கினான். இவளைத் தோள்ல தூக்கிக்கிட்டு, நெஞ்சு மட்டும் தண்ணியில நடந்து ஆசுபத்திரியில சேர்த்தான். அன்னைக்கு அது எந்த லயத்துத் தோளுன்னு யாரும் கேக்கல.

—அது ஆபத்துக்குடா.

—ஆபத்துக்குத்தாங்க. ஒனக்கு என்னப்பா வேணும்னு கேட்டேன். "கல்யாணம் வச்சிருக்கு அண்ணே, மத்த மாப்பிள்ளைங்களைப் போல என்னையும் கோயில் வாசல்ல உக்கார வச்சு வழிச்சு விடுவீங்களா"ன்னு கேட்டான். வேற ஒண்ணும் கேக்கல. எனக்கு அழுகை வந்துடுச்சு கங்காணி. நான் என்ன பெரிய பொருளா, என் கை படணும்னு ஒருத்தன் ஆசைப்படுறதுக்கு?

—சரி சரி. அழுதுக்கிட்டே கழுத்துல கையை வைக்காதே. அது என்ன, கத்திப் பிடியில துணி?

—வெள்ளத்துல நனைஞ்சதுலேர்ந்து வழுக்குதுங்க. அதான் சுத்தியிருக்கேன்.

—சிங்கப்பூருலேர்ந்து நான் வாங்கியாந்த யானைத்தந்தப் பிடி. அதுக்குப் போய்க் கோவணம் கட்டி வச்சிருக்கே. பார்த்துக்கோ, அந்தக் கத்தி எனக்கு மட்டும்தான். மத்தவங்களுக்குத்தான் உன் பழைய கருப்புப் பிடி இருக்கே.

—இருக்குங்க.

—ம். கதையைச் சொல்லு. போன வாரம் எங்க விட்டே?

—அப்படிக் கேளுங்க. இந்தக் கதைக்காகத்தான் அய்யாவு, ஞாயித்துக்கிழமைன்னா விடிஞ்சும் விடியாம ரம்புத்தான் மரத்தடியில தாடியைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்காரு.

—நெடுங்குடையான் சக்கரவர்த்தி செத்தது வரைக்கும் சொன்னேங்க அம்மா. வெள்ளிமுகடு சாம்ராஜ்யத்துல.

—தெரியும், தெரியும். தலைநகரம் மொத்தத்தையும் மூடுற மாதிரி ஒரே குடை வச்சிருந்தான். தூக்கம் கெடுதுன்னு ஆத்தைக் கூப்பிட்டு, ராத்திரியில ஓடாதே, நின்னு தூங்குன்னு உத்தரவு போட்டான்.

—ஆறும் கேட்டுச்சுங்களே. பொழுது சாஞ்சா நின்னுடும். விடிஞ்சதும் கொட்டாவி விட்டுட்டு ஓட ஆரம்பிக்கும். அவன் போனப்புறம் மகன் குறுங்குடையான் பட்டத்துக்கு வந்தான். வந்ததும், நான் எங்கப்பன் மாதிரி இல்ல, நாட்டைச் சீர்திருத்தப் போறேன்னு சொன்னான்.

—எல்லாரும் சொல்றதுதான்.

—ஒரே குடைக்கு அடியில சனங்களுக்குப் புழுக்கமா இருக்குன்னு, பெரிய குடையைக் கிழிச்சு ஏழாக்கி, ஏழு தெருவுக்கும் தெருவுக்கு ஒண்ணாக் குடுத்தான்.

—நல்ல காரியம்தானே.

—நல்லதுதாங்க, கொஞ்ச நாளைக்கு. அப்புறம் எங்க தெருக் குடை ஒசரமா, உங்க தெருக் குடை ஒசரமான்னு சண்டை. ஒருத்தனை விட ஒருத்தன் ஒசத்திப் புடிச்சு, ஒசத்திப் புடிச்சு, கடைசியில ஏழு குடையும் மேகத்துக்கு மேல போயிடுச்சு. மழை வந்தா ஏழு தெருவும் ஒண்ணாத்தான் நனையுது. ஆனா குடைக்காம்பை மட்டும் யாரும் விடல.

—அலமாக், இது என்னய்யா கூத்து.

—சிரிக்காதீங்க, கத்தி மீசைக்கிட்ட இருக்கு. அதோட விட்டானா? குடைக்கு ஏத்த மாதிரி கெணத்தையும் பிரிச்சான். ஏழு தெருவுக்கு ஏழு கெணறு. சும்மா கெணறு இல்ல, வாயுள்ள கெணறு. ஒரு தெருக் குடத்தை இன்னொரு தெருக் கெணத்துல எறக்கினா போதும், "ஐயோ, தீட்டு, தீட்டு"ன்னு ஊருக்கே கேக்குற மாதிரி கத்தும்.

—நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கு.

—கிருஷ்ணம்மா.

—நான் கெணத்தைத்தாங்க சொன்னேன். நீ சொல்லு அய்யாவு.

—குறுங்குடையானுக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்ல. ஒரே மக. பட்டம் கட்டுற அன்னைக்குப் புடிக்கிறதுக்கு ஒரு குடை கூட மிச்சமில்ல, எல்லாம்தான் மேகத்துக்கு மேல இருக்கே. கொட்டுற மழையில நனைஞ்சுக்கிட்டே கிரீடம் வச்சிக்கிட்டா. அதுலேர்ந்து குடையில்லா ராணின்னு பேரு. என்ன கங்காணி, ஒண்ணும் சொல்லலியே.

—ம்ம்.

—மீசையோரத்தை வழிக்கும்போதுதான் அய்யாவு இந்த வீட்டுல நிம்மதி. மெதுவாவே வழி.

—சரிங்க அம்மா. ராணி மொதல் வேலையா ஆத்தைக் கூப்பிட்டா. தாத்தா போட்ட உத்தரவு ரத்து, இனிமே உன் இஷ்டத்துக்கு ஓடிக்கோன்னா. நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னா. ஆனா ரெண்டு தலைமுறையா ராத்திரியெல்லாம் ஓடாம மிச்சம் வச்சிருந்த ஓட்டத்தை, அந்த ஆறு ஒரே நாள்ல ஓடித் தீர்த்துடுச்சு.

—வெள்ளமா?

—வெள்ளம்தாங்க கங்காணி. ஏழுல ஆறு கெணறு மண்ணோட மண்ணாத் தூந்து போச்சு. மிச்சம் இருந்தது ஒண்ணே ஒண்ணு, கடைசித் தெருக் கெணறு. அதுவும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போய்க் கெடக்குது.

—கடைசித் தெருன்னா?

—நம்ம பள்ளத்து லயம்னு வச்சிக்கோங்களேன்.

—ஓகோ. சொல்லு, சொல்லு. எங்க போறேன்னு தெரியுது.

—மந்திரிங்க ஓடி வந்தாங்க. மகாராணி, கடைசித் தெருத் தண்ணியை எல்லாரும் குடிக்கணும்னு பறையடிச்சா, சனங்க மூட்டையைக் கட்டிக்கிட்டு நாட்டை விட்டே போயிடுவாங்க, ஆளில்லாத நாட்டை வச்சிக்கிட்டு என்ன பண்றதுன்னு அழுதாங்க.

—நியாயமாத்தானே கேட்டிருக்கானுங்க.

—ராணியும் நியாயம்தான்னா. பறையடிக்கல. அந்த ஒரு கெணத்துலேர்ந்து மூங்கில் குழாய் போட்டு ஏழு தெருவுக்கும் தண்ணியைக் கொண்டு போனா. ஒவ்வொரு தெருவிலயும் குழாய் வாய்க்கு வேற வேற சாயம். பச்சைக் குழாய், மஞ்சக் குழாய், அரண்மனைக்கு வெள்ளைக் குழாய். சனங்களுக்கு ஒரே சந்தோஷம். "எங்க மஞ்சக் குழாய்த் தண்ணி இளநி மாதிரி, உங்க பச்சைக் குழாய்த் தண்ணி வாயில வைக்க முடியல"ன்னு பெருமை பேசிக்கிட்டாங்க.

—இளிச்சவாயனுங்க. அதே தண்ணிதானேய்யா.

—அதே தண்ணிதாங்க. மூணு மாசம் ஆச்சு. ராணி மந்திரிங்களைக் கூப்பிட்டு, யாருக்காவது வயித்து வலி வந்துச்சா, சொரி செரங்கு வந்துச்சா, சாமி கோவிச்சுக்கிட்டு எறங்கிப் போயிடுச்சான்னு கேட்டா. ஒண்ணும் இல்லைங்க, எங்க வெள்ளைக் குழாய்த் தண்ணி அமிர்தம்னாங்க. அப்பத்தான் விஷயத்தைச் சொன்னா.

—மந்திரிங்க மூஞ்சி எப்படி இருந்திருக்கும்.

—கண்ணாடி தரட்டுங்களா கங்காணி?

—என்னது?

—ஒண்ணுமில்லைங்க. பெரிய மந்திரிக்கு மட்டும் சந்தேகம் தீரல. தெரிஞ்சப்புறம் சனங்க நாட்டை விட்டுப் போயிட்டா என்ன பண்றதுன்னு கேட்டான். போகட்டும்னா ராணி. குடிச்ச தண்ணியை வயித்துலேர்ந்து எடுத்து வச்சிட்டுப் போகச் சொல்லுங்கன்னா.

—கெட்டிக்காரி. ஆனா பாரு, அவ மந்திரிங்க சுத்த மண்டு. என்னை மந்திரியா வச்சிருந்தா மொத நாளே கண்டுபிடிச்சிருப்பேன்.

—கண்டுபிடிச்சு?

—என்ன கிருஷ்ணம்மா?

—கண்டுபிடிச்சு என்ன பண்ணியிருப்பீங்கன்னு கேட்டேன்.

—என்ன பண்றது. குடிச்சாச்சு. இனிமே ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு, பறையை அடிச்சுடுங்க மகாராணின்னு சொல்லியிருப்பேன்.

—கங்காணி, கோவிச்சுக்க மாட்டீங்களே?

—கத்தி உன் கையில இருக்கு. கோவிச்சு என்ன பண்ண?

—வெள்ளத்தன்னைக்குக் காளியப்பன் கருப்பாயியைத் தூக்கினான், நான் பெட்டியைத் தூக்கினேன். கருப்பாயி கரை சேர்ந்தா. பெட்டி கவுந்துடுச்சு. ஐயா வாங்கிக் குடுத்த தந்தப்பிடிக் கத்தி ஆத்தோட போயிடுச்சுங்க.

—அப்ப இது?

—துணியைப் பிரிச்சுக் காட்டுறேன், பாருங்க. கருப்புப் பிடி. ஐயாவுக்குப் பயந்துதான் சுத்தி வச்சேன். மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான்.

—ஆபீசுல கணக்கெழுதுற கிராணிக்கும் இதுதானா?

—இதுதாங்க. மேட்டு லயத்துக்கும் இதுதான். ஞாயித்துக்கிழமை மத்தியானத்துல, ரப்பர் புகைவீட்டுக்குப் பின்னால பள்ளத்து லயத்துக்கும் இதேதான். வெள்ளம் வடிஞ்ச வாரத்துலேர்ந்து. மொதல்ல உக்காந்தது காளியப்பன். சொல்லிட்டேன். இனிமே விரட்டுறதுன்னா விரட்டுங்க.

—தாராளமா விரட்டுங்க. ஆனா துரை காரணம் கேப்பானே? மூணு மாசமா நானும் கிராணியும் மேட்டு லயமும் பள்ளத்து லயமும் ஒரே கத்தியில வழிச்சிக்கிட்டோம் துரைன்னு நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் வேணும்னா சட்டையை எடுத்து வைக்கிறேன்.

—நீ சும்மா இரு கிருஷ்ணம்மா. எனக்குப் பயமா இருக்கு, அது ஒனக்குத் தெரியுதா? கப்பலேத்திக் கூட்டிட்டு வந்த சனம். நாளைக்குக் காலையில பெரட்டுல ஆளில்லாம நான் மட்டும் நின்னேன்னா?

—தெரியுதுங்க. எனக்கு மட்டும் இல்லையா பயம். ஆனா இந்தச் சின்னக் கத்தியை நம்பி ஒருத்தன் வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கான். அவன் பயத்தை விடவா நம்ம பயம் பெரிசு?

—அய்யாவு.

—சொல்லுங்க கங்காணி.

—புதன்கிழமை கோயில் வாசல்லயே வச்சிக்கோ. மாப்பிள்ளைக்கு மொதல்ல வழிச்சு விடு. அது ஆனதும், அதே எடத்துல, அதே கத்தியில எனக்கு. கூலாய்க்குப் போறவன் போகட்டும். வழிச்ச தாடையைக் கழட்டி வச்சிட்டுப் போகச் சொல்லு.

—ஐயா.

—கண்ணைத் தொடச்சிக்கோ. இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கு.

—இதைச் சொல்றதுக்கா வெள்ளிக்கிழமை அந்தக் கத்துக் கத்துனீங்க?

—கெணறுன்னா கத்தத்தான் செய்யும் கிருஷ்ணம்மா.

—அது சரி. மொத நாளே கண்டுபிடிச்சிருப்பேன்னு பீத்திக்கிட்ட மந்திரி எங்கங்க? மூணு மாசமா ஒரு முண்டுத் துணி உங்களை ஏமாத்தியிருக்கே.

—கண்டுபிடிக்கலைன்னு யார் சொன்னா? பள்ளத்து லயத்து ஆளுங்க மூஞ்சி பளபளன்னு பெரட்டுக்கு வர்றதைத் தெனம் பாக்குறவன் நான்தானே. அதுவுமில்லாம, நானே ரப்பர் மரத்துல பால் வெட்டிக்கிட்டிருந்த காலத்துலேர்ந்து என் தாடைக்குப் பழக்கமான கத்தி இது. அந்தத் தந்தப்பிடி ஒரு நாளும் இவ்வளவு சுத்தமா வழிச்சதில்ல.