எட்டாள்

தலைமை ஏற்றிருக்கும் அன்னக்குட்டி டீச்சர் அவர்களே, தவளையின் குரல்கேட்டே குலம்சொல்லும் பேராசிரியர் ஈப்பன் சார் அவர்களே, மழையோடு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, என் மெஸ்ஸில் மீன்கறியைத் திட்டிக்கொண்டே மறுசோறு கேட்கும் பிள்ளைகளே, பௌலோஸ் சேட்டனின் பணிவான வணக்கம்.

பள்ளிக்கூடம் என்னைப் பார்த்தது குறைவு. நான் அதைப் பார்த்தது அதைவிடக் குறைவு. ஆனாலும் படித்தவர்களின் சுருக்குச் சொல்லொன்று என்னைப் பாடாய்ப் படுத்தியது.

"நாளை மதியம் ஈப்பன் எட் அல் சாப்பாடு" என்று ஈப்பன் சாரின் துறையிலிருந்து சீட்டு வந்தது. எட்டாள் என்று படித்தேன். எட்டாளுக்குக் கப்பைக்கிழங்கு அவித்தேன், மத்தி பொரித்தேன். வந்ததோ மூன்று பேர். அதில் ஒருத்தி ரம்லத், சாரிடம் ஆராய்ச்சி செய்த பெண்.

"மீதி ஆளுங்க எங்கே மோளே?"

"மீதியா? யாரு சேட்டா?"

"எட்டாள்னு எழுதியிருக்கே."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அது லத்தீன், சேட்டா. எட்டுன்னா 'உம்'. அல்லுன்னா 'பிறர்', 'அலிஈ'ங்கற சொல்லுல பாதியை வெட்டினது. ஈப்பன் சாரும் பிறரும், அவ்வளவுதான்."

"அப்போ நீ?"

"வெட்டின பாதி."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்தேன்.

பி.எச்.டி. என்றால் தத்துவ ஆசானாம். "தவளைக்கு எதுக்குடி தத்துவம்?" என்று சீண்டினேன். அந்த மூன்றெழுத்து அவளை வந்தடையவே இல்லை. அடைமழையில் ஓடைக்குள் இறங்கினாள், யாரும் காணாத தவளையைக் கண்டாள், எலிக்காய்ச்சலோடு கரையேறினாள். போய்விட்டாள்.

அந்தத் தவளையைக் கண்டுபிடித்ததற்குத்தான் இந்த நினைவுக்கல். இன்று காலை அவளுடைய வாப்பா மொய்துட்டி இக்கா திரையை விலக்கி எழுத்துகளைத் தடவினார்.

"பௌலோஸே, என் மோள் பேரு எங்கே?"

"ஈப்பன் எட் அல்னு இருக்குல்ல இக்கா, அதுக்குள்ளே."

"எட்டாளா? அதுல இவ எத்தனாவது ஆளு?"

என்ன சொல்வேன் சபையோரே? ஓடையில் நனைந்தது பிறரா? காய்ச்சலில் கருகியது பிறரா? பெற்றவனுக்குப் பிள்ளை பிறரா?

என்ன சார், கல்லில் இடமில்லையா? உங்கள் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் இரண்டு வரி படுத்திருக்கின்றன. கொஞ்சம் ஒதுங்கிப் படுக்கச் சொல்லுங்கள்.

கொத்தனார் உளியோடு வரும்வரை திரை கிடக்கட்டும். மொய்துட்டி இக்காவுக்கு என் வணக்கம். ரம்லத்தைப் பெற்ற உம்மாவுக்கு என் வணக்கம்.

மேடையில் அமர்ந்திருக்கும் பிறருக்கும் நன்றி.