அண்ணன் நம்பர்

உட்காருங்கள் மேடம். ஸ்டூல் ஈரமாக இருந்தால் அந்தத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் சாரல் முன்னாலேயே வந்துவிட்டது, ஐந்தருவி ரோட்டில் எதுவுமே காய்வதில்லை. மங்குஸ்தான் ஒன்று உரித்துத் தரட்டுமா? வேண்டாமா, சரி.

சத்யா டீ வாங்கப் போயிருக்கிறாள். சீசன் கூட்டம், வரப் பத்து நிமிடம் ஆகும். பாவம், நீங்கள் துஷ்டி வீடு என்று தென்காசியிலிருந்து துக்கம் கேட்க வந்தீர்கள். வந்தால், செத்துப்போனவளே ரம்புட்டான் நிறுத்துக்கொண்டிருக்கிறாள். உங்களைப் பார்த்ததும், "அண்ணே, கிறிஸ்டி மேடம் நம்ம கடைக்கு வந்திருக்காங்க" என்று துள்ளிக்கொண்டு ஓடினாள். அவள் வருவதற்குள் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் சேர்ந்த முதல் வருடமே அவளிடம் அந்தக் கோடைகால ஆராய்ச்சிப் பயிற்சியைப் பற்றிச் சொன்னீர்கள். பெங்களூரில் எட்டு வாரம், பெரிய லேப், விஞ்ஞானிகளோடு வேலை. வீட்டுக்கு வந்தால் அதே பேச்சுத்தான். "லேசர் அடிச்சே அணுவைக் குளிர வைக்காங்களாம் அண்ணே" என்பாள். எனக்கு என்ன புரியும்? இருந்தாலும் சோறு ஆறிப்போகும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். விண்ணப்பத்தில் யார் நம்பரைப் போடுவது என்று உங்களிடம்தான் கேட்டாள். எங்கள் பக்கம் பெண்பிள்ளை நம்பரை வெளியே கொடுப்பதில்லை. அப்பா நம்பர், அப்பா இல்லையென்றால் அண்ணன் நம்பர். நீங்களும், "அண்ணன் நம்பரையே போடு, அதான் சேஃப்" என்றீர்கள். மெயிலும் என் ஃபோனில்தான் திறந்தது. உங்களைக் குறை சொல்லவில்லை மேடம், நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஏப்ரலில் அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக ஒரு மெயில் வந்தது, கூடவே ஃபோனும் வந்தது. எழுந்து நின்றுதான் பேசினேன். அவ்வளவு பெருமையாக இருந்தது. ஃபோனை வைத்த பிறகுதான் வீட்டை நினைத்தேன். அம்மாவும் போன பிறகு குத்துக்கல்வலசை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எங்கள் தெருவிலிருந்து பெங்களூர் போன பிள்ளைகள் பொங்கலுக்கு வருவார்கள், ஃபோட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். அவளும் அப்படிப் போய்விட்டால் சாயங்காலம் வீட்டுக்குப் போய் நான் யாரிடம் பேசுவது? பயமாக இருந்தது மேடம். வீட்டில் சூழ்நிலை சரியில்லை, வர இயலாது என்று அவள் பெயரில் பதில் போட்டுவிட்டு மெயிலை அழித்தேன். இரண்டு நிமிட வேலை.

தினமும் கேட்பாள். "அண்ணே, ஃபோன் ஏதும் வந்துச்சா?"

"இல்லட்டி."

இரண்டாம் வருடமும் இதேதான். நீங்கள் முன்னைவிட நன்றாகவே பரிந்துரைக் கடிதம் எழுதியிருப்பீர்கள் போல, மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்று தடவையும் மரியாதையாகத்தான் மறுத்தேன்.

அதன் பிறகு அவள் புத்தகத்தையெல்லாம் பரணில் தூக்கிப் போட்டுவிட்டாள். "என் மூளை அவ்வளவுதான் போல அண்ணே. மேடம்தான் பாவம், என்னைய நம்பிட்டாங்க" என்றாள். போன ஆடியில் ஒரு மத்தியானம், சித்தாற்றுப் பாலத்துச் சுவரில் ஏறி நிற்கிறாள் என்று ஆட்டோக்காரர் ஒருவர் வந்து சொன்னார். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். கையைப் பிடித்து இறக்கி வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சீசன் நேரத்தில் பதினைந்து நாள் கடையைப் பூட்டிவிட்டு, பிசைந்து ஊட்டிவிட்டேன். எத்தனை அண்ணன்மார் அப்படிச் செய்வார்கள், நீங்களே சொல்லுங்கள்.

இந்த வருடம் நீங்கள் விடாப்பிடியாக மறுபடி விண்ணப்பிக்க வைத்தீர்கள். போன வாரம் அந்த விஞ்ஞானியே கூப்பிட்டார், தமிழ் ஆள்தான். "ரெண்டு வருஷமா வேண்டாம்னுட்டாங்க. இந்தத் தடவை அந்தப் பொண்ணுகிட்டயே ஒரு நிமிஷம் பேசிடுறேன். பயிற்சி முடிஞ்சதும் இங்கயே மேல படிக்கலாம்" என்றார். அவள் எனக்குப் பக்கத்தில் நின்று பழம் துடைத்துக்கொண்டிருந்தாள். இனி என்ன காரணம் சொல்வது? ஃபோனோடு கடைக்குப் பின்னால் போனேன். "சத்யபிரியா இறந்துட்டா சார்" என்றேன். எப்படி என்று கேட்டார். "சித்தாத்துல" என்றேன். அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. நானும் அழுதேன். நிஜமாகவே கண்ணீர் வந்தது.

அவர் உங்களுக்குத் தகவல் சொல்வார் என்று தோன்றவில்லை. நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

இப்போது நீங்கள் அவளிடம் உண்மையைச் சொல்லலாம், நான் தடுக்க மாட்டேன். ஒரே ஒரு ஃபோன் போட்டால் அந்த இடம் இன்னும்கூட அவளுக்குக் கிடைக்கும். ஆனால் கூடப்பிறந்தவனே இப்படிச் செய்தான் என்று தெரிந்தால் அவள் மனம் என்ன பாடுபடும், அதையும் நீங்கள்தான் யோசிக்க வேண்டும். ஆற்றில் இப்போது தண்ணீர் அதிகம்.

அதோ, வந்துவிட்டாள். "ஏட்டி, மெல்ல வா, டீ சிந்தப் போகுது."

கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள் மேடம். அண்ணன் உன்னை எப்படி வைத்திருக்கிறான் என்று அவளிடமே கேட்டுப் பாருங்கள். கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வதைத்தான் உங்களிடமும் சொல்வாள்: "எங்க அண்ணன் மட்டும் இல்லன்னா நான் என்னைக்கோ செத்துருப்பேன்."