குட்டிக்கு முதல் பந்தி

அவைத் தலைவர் சுப்பராயன் அவர்களே! ராயபுரத்திலிருந்து கடையடைத்து வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! புளியந்தோப்புப் பன்றி வளர்ப்போர் சங்கத்துத் தோழர்களே! தாய்மார்களே!

நம் தீனிச் செம்மல், புண்ணாக்குக் கடை அய்யாத்துரை மறைந்தார்! அழத்தான் வந்தேன். ஆனால் அவரைப் பற்றி வாய் திறந்தாலே உற்சாகம் பொங்குகிறதே, நான் என்ன செய்வேன்?

ஒரு காலத்தில் நம் பட்டிகளில் என்ன நடந்தது? கிழட்டுப் பன்றிக்கும் பால் மறந்த குட்டிக்கும் ஒரே தொட்டி, ஒரே கஞ்சி! பெரியது முட்டித் தள்ளித் தின்றது. குட்டிக்கு வயிறு மட்டும் உப்பியது. இதோ, முன்வரிசையில் இருக்கும் கெங்கம்மா, இந்த ஈற்றும் தேறாவிட்டால் பட்டியைக் கலைத்துவிட்டுக் கூலிக்குப் போவதென்றே முடிவுகட்டிவிட்டார். அப்போதுதான் அய்யாத்துரை வந்தார்.

"கைப்பிள்ளைக்கும் கிழவனுக்கும் ஒரே பந்தியா? தொட்டியப் பிரிங்கம்மா! குட்டிக்கு எலும்பும் சதையும் வளருத வயசு. புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் கொடுங்க."

"இன்னா நைனா, உன் சரக்கு ஓடறதுக்கு என் தலையில கைய வெக்கிறியா?"

"பெருசுக்கு என் புண்ணாக்கே வேண்டாம்! வளந்து முடிச்சாச்சு. தவிடும் மிச்சச் சோறும் போதும்."

என் சரக்கை வாங்காதே என்று சொன்ன வியாபாரியை எங்காவது கண்டதுண்டா? நான் கண்டேன்!

கெங்கம்மா தொட்டியைப் பிரித்து நடுவே தடுப்புக் கட்டினார். மறுநாளே பெரிய பன்றி அந்தத் தடுப்பை உடைத்துக்கொண்டு குட்டித் தொட்டியில் வாய் வைத்தது. வெள்ளை வேட்டிக்காரரான அய்யாத்துரை என்ன செய்தார்? தடியோடு சேற்றில் இறங்கினார்! "பொறுலே! முதப் பந்தி முடியட்டும்!" என்று பன்றியையே அதட்டினார்! குட்டிகள் தின்று முடிக்கும்வரை நகரவில்லை. அந்த ஈற்றில் ஒரு குட்டிகூடச் சோடை போகவில்லை. கெங்கம்மா கூலிக்குப் போகவில்லை!

நேற்றுச் சாவு வீட்டிலேயே ஒரு குரல் கேட்டேன்: "அவரே பூட்டாரு, இனிமே ஒரே தொட்டி போதும்பா." விடலாமா தோழர்களே?

"எவன் சொன்னது? தொட்டிய ஒண்ணாக்க வந்தான்னா கைய ஒடச்சிடுவேன்!"

கேட்டீர்களா? கெங்கம்மாதான்! இதற்கு மேல் என்ன தீர்மானம் வேண்டும்?

இப்போது மௌன அஞ்சலி செலுத்த வேண்டும். ஆனால் அதென்ன சத்தம்? பட்டியில் குட்டிகள் கத்துகின்றன. தீனி நேரம்! அய்யாத்துரை இருந்தால் நம்மை இங்கே நிற்க விடுவாரா? மௌனத்தை அப்புறம் பார்த்துக்கொள்வோம். எழுந்து வாருங்கள்! இன்றைக்கு அவர் தடியை நான் பிடிக்கிறேன்!