வெர்லா நோவோட்னியின் மூன்று மணி நேரம்

மேடையில் வீற்றிருக்கும் போதகர் குஸ்டாஃப்சன் அவர்களே, எங்கள் லாரி நிறுவனத்தின் உரிமையாளர் ஹார்லன் பெக்வித் அவர்களே, மனைவியை இழந்த துயரத்திலும் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் லீராய் நோவோட்னி அவர்களே, சோளம் ஏற்றிய லாரியை அப்படியே வெளியே நிறுத்திவிட்டு வந்து தொப்பியை மடியில் வைத்திருக்கும் ஓட்டுநர் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் கர்ட் லிண்ட்ஹோமின் வணக்கம்.

வாசலிலேயே லீராய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அழுது வடிஞ்சு பேசாத கர்ட். அவளுக்குப் பிடிக்காது. சிரிக்க வச்சுட்டு எறங்கு" என்றார். முயன்று பார்க்கிறேன்.

நெப்ராஸ்காவின் இந்த மூலையில் தானிய லாரி ஓட்டும் யாருக்கு வெர்லா அவர்களைத் தெரியாது? எடைமேடைக்குப் பக்கத்து அறையில் பத்தொன்பது ஆண்டுகள் உட்கார்ந்து, போதைமருந்துச் சோதனைக்காக நம்மிடம் சிறுநீர் வாங்கியவர் அவர். இதைச் சபையில் சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். கல்யாண வீட்டில்கூட அவர் தன்னை அப்படித்தான் அறிமுகம் செய்துகொள்வார். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார்.

கணினி குலுக்கிப் பெயரை எடுக்கும். எடுத்த உடனே போயாக வேண்டும். சட்டைப்பையைக் காலி செய்ய வேண்டும். தண்ணீரைக் கலந்து யாரும் ஏமாற்றக் கூடாது என்று கழிப்பறைத் தண்ணீரில் நீலச் சாயம் கலந்திருக்கும். குழாய் திறக்க முடியாதபடி நாடா ஒட்டியிருக்கும். யாருக்கும் சலுகை கிடையாது. நம் பெக்வித் அவர்களும் லாரி உரிமம் வைத்திருப்பவர் அல்லவா? ஒரு முறை அவர் பெயரும் வந்தது. "நான் முதலாளி, வெர்லா" என்றாராம். "பாட்டிலுக்கு அது தெரியாது ஹார்லன். பையக் காலி பண்ணுங்க" என்றாராம் இவர். சிரிக்கிறீர்கள். முதலாளியும் சிரிக்கிறார், நல்லது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம், மதியம் மூன்று மணிக்கு என் பெயர் வந்தது. அன்று மாலை ஆறு மணிக்கு என் மகளுக்கு சாஃப்ட்பால் இறுதிப் போட்டி. நான் ஆறடி மூன்று அங்குலம். பனிப்புயலில் லாரி ஓட்டியிருக்கிறேன். ஆனால் கதவுக்கு வெளியே ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் எனக்கு ஒரு சொட்டு வராது. பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். வெறும் கோப்பையோடு வெளியே வந்தேன்.

வெர்லா கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினார். மூன்று மணி நேரம் அவகாசம், நாற்பது அவுன்ஸ் வரை தண்ணீர் குடிக்கலாம் என்றார். குடித்தேன். நாலரை மணிக்கு மறுபடி உள்ளே போனேன். பாட்டிலின் அடிதான் நனைந்தது. அளவு போதாது என்று அதை என் கண்முன்னாலேயே கொட்டிவிட்டார். ஐந்து மணிக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நான் கெளம்புறேன். நாளைக்குக் காலையில முதல் ஆளா வந்து நிக்கிறேன்."

"கதவு தெறந்துதான் இருக்கு. ஆனா நீ வாசலத் தாண்டினா, சோதனைக்கு மறுத்தான்னு எழுதுவேன். போதையில இருந்தவனுக்கு என்ன தண்டனையோ அதேதான் உனக்கும். வண்டியத் தொட முடியாது."

"வெர்லா, நான் பீர் கூட ஞாயித்துக்கெழமதான் குடிப்பேன். உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரியாது. உக்காரு."

"அந்தக் குழாயையாவது கொஞ்ச நேரம் தெறந்து விடுங்க. சத்தம் கேட்டா வந்துடும்."

"நாடாவக் கிழிச்சா என் வேல போயிடும். உக்காருப்பா."

தோழர்களே, இப்படிக் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், ஒரு குற்றமும் செய்யாமலே உரிமத்தை இழந்த நல்ல ஓட்டுநர்களை நாம் பார்த்ததில்லையா? அந்த அவமானத்தோடு அவர்கள் ஊரைவிட்டுப் போனதை நாம் பார்த்ததில்லையா? நானும் அன்று நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்தேன். வெர்லா என்னைத் தடுக்கவில்லை. தடுக்க அவருக்கு அதிகாரமும் இல்லை. என் மகள் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்று கேட்டார். மூன்றாவது பேஸ் என்றேன். போன ஆட்டத்தில் எத்தனை பேரை அவுட் ஆக்கினாள் என்று கேட்டார். நானும் முட்டாள்தனமாகப் பதில் சொல்லத் தொடங்கினேன். சொல்லிச் சொல்லி நாற்பது நிமிடம் போய்விட்டது. நான் உட்கார்ந்திருந்தேன்.

ஆறு ஆக இருபது நிமிடம். மூன்றாவது முறை உள்ளே போனேன். வழக்கம்போல ஒன்றும் இல்லை. அப்போது கதவுக்கு வெளியே ஒரு சத்தம் கேட்டது. வெர்லா தன் பிளாஸ்கிலிருந்து காப்பியைக் கோப்பையில் ஊற்றினார். மறுபடி பிளாஸ்கில் ஊற்றினார். மறுபடி கோப்பையில் ஊற்றினார். நிதானமாக, உயரத் தூக்கி, பத்து நிமிடம் ஆற்றினார். குழாயைத் திறக்கக் கூடாது என்று விதி சொல்கிறது. சோதனைக்காரி காப்பி ஆற்றக் கூடாது என்று எந்த விதி சொல்கிறது?

ஐந்து ஐம்பத்தொன்றுக்குப் பாட்டில் நிறைந்தது. அப்போது வந்ததுதானா என்று அவர் அதன் வெப்பத்தைப் பார்த்து, மூடி, முத்திரை ஒட்டினார். "ஓடு. முதல் ரெண்டு இன்னிங்ஸ்தான் போகும்" என்றார். என் மகள் ஜெயித்தாள். நானும் பார்த்தேன்.

இத்தனை நாளும் எனக்குத் தெரியாத ஒன்றை, போன மாதம் லீராய் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சோதனை முடிவு மருத்துவருக்குப் போகும், அங்கிருந்து அலுவலகத்துக்கு வரும். வெர்லாவுக்கு வராது. பத்தொன்பது ஆண்டுகளில் ஒருவருடைய முடிவையும் அவருக்கு யாரும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. ஒருவரைச் சோதித்தால், அடுத்த வாரம் முழுக்க எடைமேடைப் பக்கத்து ஜன்னலில் நின்றுகொள்வாராம். அந்த ஆள் இன்னும் லாரி ஓட்டிப் போவதைப் பார்த்து, தேறிவிட்டான் என்று தெரிந்தால்தான் அன்றைக்கு ஒழுங்காகச் சாப்பிடுவாராம். "இன்னிக்கு லிண்ட்ஹோம் போயிட்டான்" என்று என்னைப் பற்றியும் வீட்டில் சொன்னாராம். நானோ அந்த ஜன்னலைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இதற்காக நான் வெட்கப்படுகிறேன்.

முழங்கால் அறுவைக்குப் பிறகு நான் வண்டி ஓட்டுவதை விட்டது உங்களுக்குத் தெரியும். தனக்குப் பிறகு அந்தச் சோதனை அறை நாற்காலிக்கு ஆள் வேண்டும் என்று வெர்லாதான் என்னை அழைத்தார். அந்த வேலைக்குத் தகுதி பெற, பிழையில்லாமல் தொடர்ந்து ஐந்து ஒத்திகைச் சோதனை செய்ய வேண்டும். அவர் நோய்ப்படுக்கையில் இருந்தபடி கணினித் திரையில் மேற்பார்வையிட்டார். நான்காவதில், நான்கு நிமிடத்துக்குள் வெப்பத்தைக் குறிக்க மறந்துவிட்டேன். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். "மொதல்லேர்ந்து ஆரம்பி" என்றார். சாகக் கிடக்கும்போதும் ஒரு பிழையை விட்டுக்கொடுக்காத மனுஷி! ஆரம்பித்தேன். ஐந்தையும் முடித்தேன். ஐந்தாவது முடிந்த நான்காம் நாள் அவர் போய்விட்டார்.

திங்கட்கிழமை அந்த அறையை நான் திறக்கிறேன். லீராய் அவர்களே, உங்கள் முன்னால் வாக்குக் கொடுக்கிறேன்: முதலாளிக்கும் வளைய மாட்டேன், நண்பனுக்கும் வளைய மாட்டேன். ஆனால் வராமல் தவிக்கிற எவனையும் மூன்று மணி நேரத்துக்கு முன் எழுந்து போக விட மாட்டேன். தோழர்களே, நீங்கள் எனக்கு ஒன்று செய்ய வேண்டும். உங்கள் முடிவை எனக்கும் யாரும் சொல்லப் போவதில்லை. ஆகவே வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது, அந்த ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு முறை ஹாரன் அடியுங்கள். நான் சாப்பிட வேண்டும்.